படம் பார்த்தவர்கள் சொன்னது

முகத்தைப் பார்த்ததாக முதலில் சொன்னவர் ஒரு பஸ் டிரைவர். காலைக் காட்சி முடிந்து வெளியே வந்தவர், இருட்டுக்குப் பழகிய கண்ணை வெயில் குத்த, நெற்றியில் கையைக் குடையாக வைத்துக்கொண்டு, முன்னால் நீண்ட மைக்கைப் பார்த்துப் பேசினார்.

"படமா? என்னத்தைச் சொல்ல. ஜாம்பி எல்லாம் செருப்பு போட்டுட்டு நடக்குது. ஒருத்தன் வாட்ச் கட்டியிருக்கான். செத்தவனுக்கு எதுக்குய்யா மணி? ஆனா ஒண்ணு. குழிக்குள்ள இருந்து ஒரு பொம்பளை கை நீட்டுதே, அது மட்டும் நிஜம். அந்த முகத்தைப் பார்த்ததும் எழுந்து ஓடிடலாமான்னு இருந்துச்சு."

"முகமா?" என்றான் மைக்கைப் பிடித்திருந்தவன்.

"ஆமா, மண்ணு ஒட்டின முகம். மெதுவாக் கண்ணைத் திறக்குதே." அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

மைக் தானாகக் கொஞ்சம் கீழே இறங்கியது. அந்தக் காட்சியில் முகம் கிடையாது. மண்ணுக்குள்ளிருந்து ஒரு கை வரும், அவ்வளவுதான். மணிக்கட்டுக்குக் கீழே முழுக்க மண். அது அவனுக்குத் தெரிந்த அளவுக்கு அந்த வாசலில் வேறு யாருக்கும் தெரியாது. அந்தக் கை அவன் மனைவியுடையது.

"தம்பி, அடுத்த ஆளைப் பிடி, கூட்டம் கலையுது," என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து முக்காலி கத்தினார்.

தியேட்டர் வாசலில் நின்று, படம் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் "படம் எப்படி இருக்கு?" என்று கேட்பதுதான் அவன் வேலை. சேனலில் அவனை மைக் என்றே கூப்பிட்டார்கள். முக்காலி அவனோடு சுற்றும் கேமராமேன். குள்ளமான ஆள், நல்ல தொப்பை. மூன்று கால் ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து நடந்து அந்தப் பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. அவன் மனைவி போன வருடம் ஒரு படப்பிடிப்பில் இறந்துபோனாள் என்பது முக்காலிக்குத் தெரியும். எந்தப் படம் என்று தெரியாது. அவன் சொல்லவில்லை. அவன் எதையுமே யாரிடமும் அதிகமாகச் சொல்வதில்லை, இப்போதெல்லாம்.

அவள் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். லீவு நாளில் சினிமாவுக்குக் கூட்டம் சேர்க்க ஆள் கேட்டால் முதலில் போய் நிற்பாள். கல்யாணக் கூட்டம், ஊர்வலக் கூட்டம், ரயிலுக்கு ஓடும் கூட்டம். படம் வந்ததும் அவனை இழுத்துக்கொண்டு போவாள். "அதோ, தூணுக்குப் பக்கத்துல, பச்சை, அது நான்!" என்று இருட்டில் அவன் தொடையைக் கிள்ளுவாள். அவன் தேடுவதற்குள் காட்சி மாறிவிடும். "பார்த்தியா?" என்பாள். "பார்த்தேன்," என்பான். பொய் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த படத்துக்கும் கிள்ளுவாள். 

'புதையாதவர்கள்' படத்தில்தான் அவளுக்கென்று தனியாக ஒரு ஷாட் கிடைத்தது. குழிக்குள் மல்லாந்து படுக்க வேண்டும். வாயில் மூச்சுக்கு ஒரு குழாய். மேலே மெல்லிசாக மண்ணைத் தூவுவார்கள். கையை மட்டும் வெளியே நீட்ட வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் கட்டிலில் படுத்து, போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு, அவனுக்கு நடித்துக் காட்டினாள். போர்வைக்குள்ளிருந்து விறைத்த கை ஒன்று வந்தது. விரல்கள் கொக்கிபோல் வளைந்திருந்தன.

"இது நடிப்பு," என்றது போர்வை. "விறைப்பா நின்னா நடிப்பு. இதோ, இப்படி விரிச்சு விரிச்சு மூடினா மூச்சு முட்டுதுன்னு அர்த்தம். உடனே தோண்டி எடுத்துருவாங்க."

"யாரு எடுப்பாங்க?"

"எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்காங்கப்பா. பயந்தாங்கொள்ளி."

மறுநாள் மத்தியானம் கம்பெனி மேனேஜர் போன் செய்தார். ஷூட்டிங் முடிந்து வேனில் உட்கார்ந்திருந்தபோது மயங்கிவிட்டாள், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, இதயம் பலவீனம்போல என்றார். அவன் நம்பினான். நம்பாமல் இருக்க ஒரு தெம்பு வேண்டும், அது அவனிடம் இல்லை. அவளுடைய அம்மா மட்டும், ஆஸ்பத்திரியில் மகளின் கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு ஊசியால் நகத்துக்குள்ளிருந்து மண்ணை எடுத்தபடியே இருந்தாள். "வேன்ல உக்காந்திருந்தவளுக்கு நகத்துக்குள்ள இவ்வளவு மண்ணா?" என்று யாரிடமோ கேட்டாள்.

பதில், படம் வெளியான முதல் நாள் முதல் காட்சியில் கிடைத்தது. வேலை என்று பெயர் பண்ணிக்கொண்டு, அவளைப் பார்க்கத்தான் அவன் உள்ளே போய் உட்கார்ந்தான். மட்டமான படம். மாவு பூசிய முகங்கள், தக்காளி சாஸ் ரத்தம், காது கிழியும் இசை. திடீரென்று இசை நின்றது. நிலா வெளிச்சம்போல் நீலம் போட்ட ஒரு குழி. மண் அசைந்தது, விரல் நுனிகள் முளைத்தன, கை எழுந்து விறைத்து நின்றது. அவனுக்குச் சிரிப்புகூட வந்தது. இந்தத் தடவை நிஜமாகவே பார்த்துவிட்டேன் என்று நினைத்தான். அப்புறம் அந்தக் கை விரிந்து மூடியது. விரிந்து மூடியது. கேமரா இன்னும் கிட்டப் போனது. விரிந்து மூடியது, கொஞ்சம் மெதுவாக. பிறகு இன்னும் மெதுவாக. பிறகு பாதி விரிந்து, அப்படியே நின்றுவிட்டது. பின் வரிசையில் ஒருவன் விசிலடித்தான்.

அவன் வண்டி நிறுத்துமிடத்தில் போய் வாந்தியெடுத்தான். வாயைக் கழுவிக்கொண்டு வந்து மைக்கை நீட்டினான். "அந்தக் கை சூப்பர்," என்றார்கள். "படத்துல அது ஒண்ணுதான் தேறும்." "அவார்டு குடுக்கணும் அந்தக் கைக்கு." ஒரு கல்லூரிக் கூட்டம் கேமரா முன்னால் கையைத் தூக்கி, விரித்து மூடி, விரித்து மூடிக் காட்டியது. அந்தத் துண்டு வீடியோ காட்டுத்தீயாகப் பரவியது. ஊரெல்லாம் கை. தியேட்டரில் அந்தக் காட்சி வந்தால் சனம் மொத்தமும் கையைத் தூக்கி விரித்து மூடுவது வழக்கமாகிவிட்டது. தூக்கிவிடப்போன படம் அந்த ஒரு கையால் ஓடியது.

அவன் ஒன்றும் செய்யவில்லை. யாரிடம் போய் என்ன சொல்வது? அவள் நடிக்கவில்லை, எடுக்கச் சொல்லிக் கேட்டாள் என்றா? இதுதான் நடிப்பு என்று ஊரே கை தூக்கிச் சொல்கிறதே. மைக்கை நீட்டினான். தினமும் நீட்டினான். ஒவ்வொரு "சூப்பர்" விழும்போதும் உள்ளே ஏதோ ஒன்று கூர் தீட்டிக்கொண்டது.

பஸ் டிரைவருக்குப் பிறகு மற்றவர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். மருந்துக் கடைக்காரர் ஒருவர், "முகம் நல்ல மேக்கப், ஆனா எழுந்து உக்கார்ற விதம் கொஞ்சம் ஓவர்," என்றார். எழுந்து உட்காருகிறாளா? அடுத்த நாள் ஒரு தாயும் மகளும். "குழிய விட்டு வெளிய வந்து நம்மளையே பார்த்துட்டு நிக்குதே, அப்ப இவ என் கையில நகத்தால கீறிட்டா, பாருங்க தம்பி," என்று அந்த அம்மா முழங்கையைக் காட்டினாள். அவன் உள்ளே ஓடிப்போய் அடுத்த காட்சியைப் பார்த்தான். கை வந்தது. விரிந்தது, மூடியது, நின்றது. வேறொன்றும் இல்லை.

மாடியில் படம் ஓட்டும் ஆபரேட்டர் அக்காவிடம் போய்க் கேட்டான்.

"படத்துல ஏதாவது மாத்தியிருக்காங்களா அக்கா? காட்சி கூட்டி, குறைச்சு?"

"எப்படி மாத்த முடியும்? பூட்டு போட்டுத்தான் குடுக்கிறாங்க. நான் ஓட்டலாம், நிறுத்தலாம். ஒரு நொடியக்கூடத் தொட முடியாது." அக்கா சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். "ஏசிதான் மக்கர் பண்ணுது. போட்டா ஈர மண்ணு வாடை. குழாயெல்லாம் கழுவிப் பார்த்தாச்சு, போக மாட்டேங்குது. உனக்கு வருதா?"

அவனுக்கு வந்தது. அறைக்குள் நுழைந்ததிலிருந்தே வந்துகொண்டிருந்தது.

வீட்டில் சாயங்காலம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அன்றைய கருத்துகளை வெட்டி ஒட்ட உட்கார்ந்தபோதுதான் அந்தச் சத்தத்தைக் கவனித்தான். ஆட்கள் பேசுவதற்கு அடியில், ஆட்டோ ஹாரனுக்கும் டிக்கெட் கவுன்டர் சலசலப்புக்கும் அடியில், மெல்லிசாக ஒன்று. முதலில் காற்று மைக்கில் உரசுகிறது என்று நினைத்தான். ஒலியைக் கூட்டினான். காற்றுக்கு அப்படி ஒரு இடைவெளி கிடையாது. இழுத்தது. நின்றது. இழுத்தது. குறுகலான ஏதோ ஒன்றின் வழியாக, வழியில் எதுவோ அடைத்துக்கொண்டிருக்க, விடாமல் இழுக்கும் மூச்சு. பழைய நாட்களின் பதிவைத் தேடிப் போட்டான். அதிலும் இருந்தது, தூரத்தில். பஸ் டிரைவர் பேசியதில் இன்னும் கொஞ்சம் கிட்டே. இன்றைய பதிவில், கேள்வி கேட்கும் அவன் குரலுக்கு ஒட்டினாற்போல், பக்கத்தில் நிற்கும் ஆளிடமிருந்து வருவதுபோல.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான். திரும்பினால் அத்தை நின்றிருந்தாள்.

மகள் போனபிறகு அத்தை அவனோடுதான் இருந்தாள். போக்கிடம் இல்லாததால் அல்ல, அவனைத் தனியாக விட மனம் வராததால். கையில் யாருடைய போனோ இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் கொடுத்ததாம். வாசல்படிக்கட்டில் பிள்ளைகள் இரண்டு நாளாகக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஒளிந்து, கையை மட்டும் நீட்டி விளையாடிக்கொண்டிருந்தன. என்ன விளையாட்டு என்று கேட்டிருக்கிறாள், அந்தப் பெண் வீடியோவைப் போட்டுக் காட்டியிருக்கிறாள்.

"இது என் பொண்ணு கைப்பா," என்றாள் அத்தை.

அவன் எறிந்த ஹெட்போனைக் குனிந்து எடுத்தான்.

"சுண்டுவிரல் உள்பக்கமா மடங்கும். சின்ன வயசுல கதவுல நசுங்கினது. எனக்குத் தெரியாதா?" போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். "எல்லாரும் அவ கையையே காட்டுறாங்களே, முகத்தைக் காட்ட மாட்டாங்களா? இது என்ன, இப்படி விரிச்சு விரிச்சு மூடுறா? என்ன கேக்குறா?"

"ஒண்ணும் கேக்கலை அத்தை. நடிப்பு."

"அப்படியா?" அவள் அவனைப் பார்த்தாள். "நடிப்புன்னா சரி."

அன்றைக்கு அவன் தூங்கவில்லை. அழவும் வரவில்லை. அந்த இயக்குநரின் முகத்தை மட்டும் இருட்டில் உருவாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். பேட்டிகளில் பார்த்த முகம். எப்போதும் கறுப்புக் கண்ணாடி, எப்போதும் சிரிப்பு. குழிக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறான். சைகை என்ன என்று தெரிந்தவன். நாற்காலியில் சாய்ந்துகொண்டு பார்த்திருக்கிறான்.

அந்த வார இறுதியில், ஒரு நர்ஸ் சொன்னதுதான் எல்லாவற்றையும் மாற்றியது. டியூட்டி முடிந்து நேராகப் படத்துக்கு வந்தவள்போல, தோளில் பை, கண்ணில் களைப்பு.

"ஐடியா நல்லா இருக்கு," என்றாள் அவள். "தியேட்டருக்குள்ளயே ஆள் விட்டிருக்கீங்கள்ல? அந்தக் கை சீன் முடிஞ்சதும் நிஜமாவே ஒரு பொண்ணு நடந்து வருதே. வரிசை வரிசையா வந்து ஒவ்வொருத்தர் மூஞ்சியா குனிஞ்சு பார்க்குது. என்னையும் பார்த்துச்சு. பக்கத்துல ரொம்பச் சில்லுன்னு இருந்துச்சு."

"பார்த்துட்டு?" அவன் மைக்கை இன்னும் கிட்டே நீட்டினான்.

"பார்த்துட்டு, இல்லைங்கற மாதிரி தலையாட்டிச்சு. போயிடுச்சு." நர்ஸ் சிரித்தாள். "யாரைத் தேடுதாம்?"

முக்காலி கேமராவை அணைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு தூக்கக் கலக்கத்துல உளறுது தம்பி, இதை வெட்டிரு," என்றார். அவன் கேட்கவில்லை. வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது, சோடா விற்கிறவன் பாட்டிலைத் தட்டிக்கொண்டிருந்தான், அவன் முதுகில் மட்டும் சில்லென்று ஒரு கோடு இறங்கியது. பயம்தான். ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்று தலைதூக்கியது.

யாரைத் தேடுகிறாள் என்று அவனுக்குத் தெரியும். தேடப்படுகிற ஆள் இன்னும் இந்தத் தியேட்டருக்கு வரவில்லை. அவ்வளவுதானே?

அன்று மாலையே இயக்குநரின் ஆபீசுக்குப் போன் செய்தான். சேனல் பெயரைச் சொன்னான். "ஜனங்க சாரைப் பார்க்கணும்னு ஆசைப்படுறாங்க. ஒரு மத்தியானக் காட்சிக்கு வந்து, அவங்களோட உக்காந்து பார்த்தா நல்லா இருக்கும்," என்றான். பின்னாலிருந்து யாரோ ரிசீவரை வாங்கினார்கள். "எத்தனை பேர் இருப்பாங்க?" என்றது அந்தச் சிரிப்புக் குரல்.

"ஹவுஸ்ஃபுல் சார்."

"அப்ப வர்றேன்."

மாலை போட்டார்கள், வெடி போட்டார்கள். கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைச் சட்டையுமாக இயக்குநர் காரிலிருந்து இறங்கி, தியேட்டர் வாசலில் கையை உயர்த்தி விரித்து மூடிக் காட்டினார். கூட்டம் அலறியது. அவன் மைக்கை நீட்டினான். கேட்பதற்கு ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. பல நாளாகக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்த வாக்கியம்: அந்தக் கை என் பொண்டாட்டியோடது.

"சார், அந்தக் கை சீனைப் பத்திச் சொல்லுங்க."

"தம்பி, அது ஒரு தவம். சொன்னா நம்ப மாட்டீங்க. அன்னைக்கு என் அசிஸ்டென்ட் பதறிட்டான். 'கட் சொல்லுங்க சார்'னு குழிக்கு ஓடப் பார்த்தான். கையைப் பிடிச்சு நிறுத்தினேன். 'இரு, இரு, பிரமாதமா வருது'ன்னேன். அந்த இடத்துல கட் சொல்லியிருந்தா இன்னைக்கு இந்தப் படம் இருக்கா, சொல்லுங்க? அந்தப் பொறுமைக்குப் பேர்தான் டைரக்‌ஷன்."

கைதட்டல். அது ஓய்ந்ததும் அவன் மைக்கை மறுபடி நீட்டினான்.

"யாரோட கை சார் அது?"

"ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் பொண்ணு ஒண்ணு."

"இப்ப எங்க இருக்காங்க?"

கண்ணாடிக்குப் பின்னால் என்ன நடந்தது என்று தெரியவில்லை. சிரிப்பு மட்டும் அசையாமல் அதே இடத்தில் நின்றது. "வேற எங்கயாவது நடிச்சுட்டு இருக்கும். எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

தயாராக இருந்த வாக்கியம் தொண்டைவரை வந்தது. அவன் அதை விழுங்கினான்.

"வாங்க சார்," என்றான், மைக்கை இறக்கிக்கொண்டு. "உங்களுக்கு நடுவுல சீட் போட்டு வெச்சிருக்கேன்."

வரிசையின் நடுவில் இயக்குநர். அதே வரிசையின் ஓரத்தில், நடைபாதையை ஒட்டி, அவன். அவனுக்கு உள்பக்கம் முக்காலியின் சீட். முக்காலி அதில் உட்காரவில்லை, இயக்குநரைப் படம் பிடிக்க நடைபாதையில் கேமராவோடு நின்றிருந்தார். சீட் மடங்கியே இருந்தது. இருட்டு. பொரிந்த சோளத்தின் வாசனை, வியர்வை வாசனை, இயக்குநரின் சென்ட் வாசனை, எல்லாவற்றுக்கும் அடியில் நனைந்த மண். படம் ஓடியது. ஜாம்பிகள் செருப்போடு நடந்தார்கள். வாட்ச் கட்டியவனைப் பார்த்ததும் அரங்கமே சொல்லிவைத்ததுபோல் "மணி என்னப்பா?" என்று கத்தியது. இயக்குநரும் சிரித்தார். நல்ல மனிதனைப்போலச் சிரித்தார்.

இசை நின்றது.

நீல வெளிச்சம். குழி. அரங்கம் முழுக்க ஒரு சலசலப்பு, நாற்காலிகளில் நிமிர்ந்து உட்காரும் சத்தம், பிறகு கைகள். முன்னால், பின்னால், பால்கனியில், எங்கே பார்த்தாலும் கைகள் எழுந்தன. திரை வெளிச்சத்தில் நீலம் பாய்ந்த கைகள் நூற்றுக்கணக்கில் ஒன்றாக விரிந்தன, மூடின. எல்லோரும் தங்கள் கையையும் பக்கத்துக் கையையும் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். திரையை யாரும் பார்க்கவில்லை.

அவன் பார்த்தான்.

திரையில் கை இல்லை. குழி இருந்தது. மண் சரிந்து ஒரு பள்ளம் இருந்தது, படுத்திருந்தவர் எழுந்துபோன கட்டில்போல. வேறு ஒன்றும் இல்லை.

மூச்சு கேட்டது. மைக்கில் அல்ல. அரங்கத்துக்குள். இழுத்தது. நின்றது. இழுத்தது. அப்புறம் கேட்கவில்லை.

காட்சி மாறியது. இசை திரும்ப வந்தது. கைகள் சிரிப்போடு இறங்கின. ஒன்று மட்டும் இறங்கவில்லை.

வரிசையின் நடுவில், தலைகளுக்கு மேலே, வெள்ளைச் சட்டைக் கை. விரிந்தது. மூடியது. விரிந்தது.

"சார் என்னமா நடிக்கிறார் பாரு!" என்றது ஒரு குரல். கைதட்டினார்கள். போன்கள் அந்தப் பக்கம் திரும்பின. அவற்றின் வெளிச்சத்தில் அந்த முகம் ஒரு கணம் தெரிந்தது. கறுப்புக் கண்ணாடி நழுவியிருந்தது. கண் பிதுங்கியிருந்தது. வாய் அகலத் திறந்திருந்தது. உள்ளே நாக்கு தெரியவில்லை. கறுப்பாக ஏதோ பல்வரை நிரம்பி, வழிந்து, சட்டையில் உதிர்ந்துகொண்டிருந்தது. விசில் பறந்தது.

அந்தக் கை என்ன கேட்கிறது என்று அந்த அரங்கத்தில் ஒருவனுக்குத்தான் தெரியும்.

நடைபாதையில் முக்காலி கேமராவை இறக்கினார். "தம்பி, அந்தாளுக்கு என்னமோ ஆகுதுடா. மூச்சு விட முடியலை போல. டேய்!" என்று முன்னால் பாய்ந்தார்.

அவன் கை நீண்டது. முக்காலியின் கையைப் பிடித்தது. இறுக்கிப் பிடித்தது.

"இருங்க அண்ணே."

"என்னடா?"

"இருங்க."

விரிந்தது. மூடியது. மெதுவாக. அவன் கண்ணெடுக்காமல் பார்த்தான். பல மாதமாக வெறுமையாகக் கிடந்த இடத்தில் ஏதோ ஒன்று, பசி தீர்ந்ததுபோல் கால் நீட்டிப் படுத்தது. விரிந்தது. இன்னும் மெதுவாக. மூடவில்லை.

முக்காலி அவன் முகத்தைப் பார்த்தார். என்ன பார்த்தாரோ, கையை உதறிப் பிடுங்கிக்கொண்டு, விளக்கைப் போடச் சொல்லிக் கத்தியபடி வெளியே ஓடினார். கதவு அடித்துக்கொண்டது. திரும்பவும் இருட்டு.

கை பாதி விரிந்து நின்றது. யாரும் கவனிக்கவில்லை. திரையில் சண்டை ஆரம்பித்திருந்தது, எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முடிந்தது என்று நினைத்தான். இனி அவள் போகலாம்.

இயக்குநருக்குப் பக்கத்தில் இருந்தவர் முழங்காலை ஒதுக்கினார்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் ஒதுக்கினார். படம் ஓடும்போது யாராவது குறுக்கே போனால் ஒதுக்குவோமே, அப்படி. யாரும் போகவில்லை. அடுத்தவரும் ஒதுக்கினார். அதற்கடுத்த பெண் மடியிலிருந்த பையைத் தூக்கிப் பிடித்து வழிவிட்டாள். அதற்கடுத்த ஆள் காலை உள்ளே இழுத்தான், இழுத்துவிட்டுத் தோளைச் சிலிர்த்துக்கொண்டான். ஒவ்வொருவராக. வரிசையின் நடுவிலிருந்து. ஓரத்தை நோக்கி.

மண் வாடை.

எழ நினைத்தான். சீட்டின் கைப்பிடியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். அவள் பெயரைச் சொல்ல நினைத்தான். வாயைத் திறக்கப் பயமாக இருந்தது.

கடைசி ஆளும் முழங்காலை ஒதுக்கினான். அவர்களுக்கு இடையில் இருந்தது முக்காலியின் காலிச் சீட் மட்டும்தான்.

வெளியே போகத்தான் வருகிறாள். நடைபாதைக்கு. அவன் தன் முழங்கால்களைப் பக்கவாட்டில் ஒதுக்கினான். வழிவிட்டான். திரையையே பார்த்தான். காத்திருந்தான்.

யாரும் கடந்து போகவில்லை.

பக்கத்துச் சீட் மெதுவாகக் கீழே இறங்கியது, ஒருவர் உட்கார்ந்தால் இறங்குவதுபோல, ஸ்பிரிங் முனகி, முழுவதும்.